பதினொரு தோல்விகள்

நமது பள்ளிக்கூடத்துச் சடுகுடுக் கோஷ்டியின் பொறுப்பு 2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நமது தேகக்கட்டைக் கண்டு யாரும் இந்தக் கௌரவத்தை அளித்துவிடவில்லை. தேகப் பயிற்சி ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார்; அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. "உமக்குத்தான் சாயங்காலத்தில் டியூஷன் கிடையாதே!" என்றார் தலைமை ஆசிரியர். டியூஷன் சொல்லிக் கொடுக்காமலிருப்பது ஒரு கொள்கை என்று அதுவரையில் நினைத்திருந்தோம். அது ஓர் உத்தியோகத்துக்கு வேண்டிய தகுதி என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நாம் சரித்திர உபாத்தியாயர். வயது அப்போது நாற்பத்திரண்டு. ஆனாலும் ஆரணியில் பிறந்தவனுக்குச் சடுகுடு அடியோடு தெரியாது என்று சொல்வதற்கில்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் குறைவு. மணல் காய்கிற நாட்கள் அதிகம். அந்த மணலில் காலால் கோடு கிழித்து, மூச்சடக்கிப் பாடாத பிள்ளை நமது காலத்தில் ஊரில் இல்லை. ஆனால் அந்த ஆட்டம் வேறு, இந்த ஆட்டம் வேறு. இப்போது பாடப் போகிறவனுக்கு முப்பது விநாடிதான் அவகாசம். ஒரு கட்சி தொடர்ந்து இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது தடவை போகிறவன் ஒரு பாயிண்டாவது எடுத்துவர வேண்டும்; இல்லாவிட்டால் அவன் வெளியே உட்கார வேண்டியதுதான். ஏழு பேரும் வெளியேறிவிட்டால் எதிர்க் கட்சிக்கு இரண்டு பாயிண்டு கூடுதல். இவற்றையெல்லாம் ஒரு சிறு புஸ்தகத்தில் படித்து, பையன்களைக் கூட்டி வைத்து விஸ்தாரமாகச் சொன்னோம். அவர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். அத்தனையும் அவர்களுக்கு முன்பே தெரியும் என்பது ஒரு வாரம் கழித்து நமக்குத் தெரியவந்தது.

கோஷ்டியில் பன்னிரண்டு பேர். அவர்களில் எட்டுப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுகிறபோது கூட நின்றுவிட்டு, அதன் பிறகு பள்ளிக்கூடம் வருகிறவர்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற குலத்தில் பிறந்ததாலோ என்னவோ, கால்கள் உறுதியாக இருந்தன. உடம்பில் மட்டும் சதை இல்லை. எதிர்க் கோஷ்டிகளிலோ, நெல் மூட்டை தூக்கி வளர்ந்த பிள்ளைகள். நமது பையன்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். பிடிபட்டவன் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவான். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பின்னால் போகிற சிறுவர்களைப் போல் மூன்று பேர் தொங்கிக்கொண்டு போவார்கள்.

முதல் ஆட்டம் குறுவட்டப் போட்டியில். அதில் தோற்றால் சர்க்கார் கணக்கில் அந்த வருஷத்துக் கதை முடிந்தது. முடிந்தது. ஆனால் பையன்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்ப் பிள்ளைகளுடன் பழக்கத்துக்காக ஆடவும், ஆடித் திருவிழாப் பந்தயங்களுக்குப் போகவும் உத்தரவு கேட்டார்கள். கொடுத்தோம். களம்பூரில் தோற்றார்கள். கண்ணமங்கலத்தில் தோற்றார்கள். சேத்துப்பட்டில் முதல் பாதியிலேயே இரண்டு தடவை ஏழு பேரும் வெளியேறி, தோல்வியை ஒரு கலையாகவே செய்து காட்டினார்கள்.

அதே நாட்களில் இன்னொரு கோஷ்டியும் தோற்றுக்கொண்டிருந்தது. 2014-ல் ஆரம்பித்த புரோ கபடிப் பந்தயத்தில் 2017-ல் வந்து சேர்ந்த 'தமிழ் தலைவாஸ்' கோஷ்டியைத்தான் சொல்கிறோம். அது 2017-லும் 2018-லும் தன் பிரிவில் கடைசி இடம். பிரிவுகள் இல்லாமல் பன்னிரண்டு கோஷ்டிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திய 2019-ல், பன்னிரண்டாவது இடம். அவ்வருஷம் ஜூலையில் முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை ஜயித்தபோது, இந்தத் தடவை பாருங்கள் என்று நமது பையன்கள் தலைகால் தெரியாமல் குதித்தார்கள். அதன் பிறகு குதிப்பதற்குச் சந்தர்ப்பங்கள் அதிகம் வாய்க்கவில்லை. வீட்டில் அம்மாமார்கள் சீரியல் பார்க்கிற நேரமாகையால், ஆட்டமுள்ள இரவுகளில் நாலைந்து பேர் நமது கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நமது மனையாள் அவர்களுக்கு அவல் கலந்து கொடுத்துவிட்டு, "இன்றைக்கும் தோற்றாயிற்றா?" என்று விசாரித்துக்கொண்டு போவாள். அவள் கேட்டது எந்தக் கோஷ்டியைப் பற்றி என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு. இடது மூலையில் நிற்பவன். மூலையில் நிற்கிறவன்தான் பாடி வருகிறவனுடைய காலைப் பிடிக்க வேண்டும். அவன் தவறினால் கோட்டையில் விரிசல். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன், ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டான். 1751-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி கிளைவ் நமது ஆரணியில் அடைந்த வெற்றியைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். சொந்த ஊர் சரித்திரத்தில் வருகிறதென்றால் உபாத்தியாயருக்குச் சற்றுக் குரல் உயர்ந்துவிடுகிறது. பையன் எழுந்து, "தோத்தவங்க பேரு என்ன சார்?" என்றான். "ரஜா சாகிப். அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றோம். உட்கார்ந்தான்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆறாவது தோல்வி. மறுநாள் காலை வகுப்பில் யாரோ, "நேத்து என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்கள். நமக்கு இரவு சரியான தூக்கமில்லை; வெயிலில் நின்ற தலைவலி வேறு. "நம் வீரர்கள் பஸ் ஏறுகிறபோதே போகவரத் தோல்விக்கும் சேர்த்து டிக்கட் வாங்கிவிடுகிறார்கள்" என்றோம். நல்ல வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னோம். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். மூலைப் பையன் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டைத் தேடிக்கொண்டு போனோம். தெருவெல்லாம் தறிச் சத்தம். ஆவணி முகூர்த்தங்களுக்கு வேண்டிய சேலைகள் இறங்கிக்கொண்டிருந்த சமயம். உள்ளே தகப்பனார் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அரக்குச் சேலை, ஜரிகைக் கரை. பையன் பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான்; ஆனால் நம்மைப் பார்க்கவில்லை.

பெரியவர் நாடாவை நிறுத்தாமலே, "வாங்க வாத்தியாரய்யா" என்றார். நாற்காலி வந்தது, காப்பி வந்தது. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"இந்த ஆட்டம் இவனுக்கு எதுக்குங்க? ஒரு சேலையிலே நாலு இடத்துல இழை விட்டுப் போச்சுன்னு வையுங்க. முதலாளி கூலியிலே பிடிச்சுக்குவாரு. நல்லாத்தான் பாடுபட்டான்னு அதுக்கு ஒரு ரூபா சேர்த்துத் தருவாரா? ஆறு தடவை தோத்துட்டு வர்ற பிள்ளைக்கு யார் என்ன கொடுப்பாங்க?"

நமக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டு மனத்தைப் பண்படுத்துகிறது என்பது போன்ற வாக்கியங்கள் நமது கைவசம் நிறைய உண்டு. ஆண்டு விழாவில் பேசியிருக்கிறோம். அந்தத் தறிக்குழிக்கு முன்னால் அவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஜரிகையில் ஓர் இழை தவறினால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குத் தெரிந்தவரிடம் அவற்றைச் சொல்வது எப்படி? வந்த விஷயத்தை மட்டும் சொன்னோம். "அவன் தோற்றதற்காகப் பள்ளிக்கூடம் வராமலிருக்கவில்லை. நாம் அவனைக் கேலி செய்தோம், வகுப்பு சிரித்தது. அதற்காக வரவில்லை. தப்பு நம்முடையது."

நாடா நின்றது. பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். வயிற்று வலி என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. உபாத்தியாயரை அவன் காட்டிக் கொடுக்கவில்லை. வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர், "நாளைக்கு வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் தறியை மிதிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் வகுப்பில் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இருபது வருஷ உத்தியோகத்தில் அது முதல் தடவை. எதிர்பார்த்த அளவுக்கு நமது அந்தஸ்து குறைந்துவிடவில்லை. பிறகு கரும்பலகையில் 'ரஜா சாகிப்' என்று பெரிதாக எழுதினோம். சந்தா சாகிபின் குமாரர். ஆற்காட்டுக் கோட்டையை ஐம்பது நாள் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பியவர். பிறகு ஆரணியில் தோற்றவர். தோற்றதோடு ஓய்ந்துவிடாமல் படையைத் திரட்டிக்கொண்டு, 1752-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் காவேரிப்பாக்கத்தில் மறுபடியும் கிளைவை எதிர்த்தார், அங்கேயும் தோற்றார். இரண்டு பக்கத்திலும் அந்நியருடைய பீரங்கிகள் இருந்த அந்தச் சண்டையில் நாம் யாருக்காகப் பரிந்து பேசுவது என்பது வேறு விஷயம். ஆனால் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை களத்தில் நின்ற ஒருவருடைய பெயரைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளியது சரியல்ல. மூலைப் பையன் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் அவர்களுக்கு இன்னொருவருடைய கதையையும் சொன்னோம்; தமிழ் தலைவாஸின் தலைவராக இருந்த இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூருடைய கதை. 2016-ல் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானை இந்தியா 38-29 என்று ஜயித்தபோது, அதில் பன்னிரண்டு பாயிண்டு அவர் எடுத்தது. 1990-ல் பீஜிங்கில் ஆசிய விளையாட்டில் சடுகுடு சேர்ந்தது முதல் 2014 வரையில் ஏழு தடவையும் ஆண்களுக்கான தங்கம் இந்தியாவுக்கே வந்தது. எட்டாவது தடவை, 2018-ல், ஜகார்த்தாவில் அரை இறுதியிலேயே ஈரானிடம் 18-27 என்று தோற்றோம். அன்று தலைவர் அதே அஜய் தாக்கூர். பட்டணத்துக் கோஷ்டியும் கடைசி, தேசத்துக் கோஷ்டிக்கும் தங்கமில்லை என்று ஒரே வருஷத்தில் இரண்டு சுமையும் அவர் தலையில். அதற்கடுத்த 2019-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அர்ஜுனா விருதும் அளித்தது. "தோத்ததுக்கா சார்?" என்றான் ஒரு குறும்பன். "இல்லையப்பா, மொத்தக் கணக்குக்கு" என்றோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன்கள் அடுத்த ஆட்டத்தில் ஜயித்தார்கள் என்று எழுதினால் வாசகர்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். அவர்கள் தோற்றார்கள். எட்டாவதும் தோற்றார்கள், ஒன்பதாவதும் தோற்றார்கள். பத்தாவது தோல்விக்குப் பிறகு தலைமை ஆசிரியர் நம்மைக் கூப்பிட்டு, இந்த வருஷத்துக்கு இது போதுமே என்று அபிப்பிராயப்பட்டார். பஸ் செலவைப் பற்றியும் சொன்னார். அதில் பாதி நமது சொந்தப் பணம் என்பதை நாம் சொல்லவில்லை. உண்மையில் நமக்கும் போதும் என்றுதான் இருந்தது. பையன்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வகுப்புக்குப் போனால், கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதியிருந்தது.

புரோ கபடியில் அப்போதைய விதிப்படி ஜயித்தால் ஐந்து மதிப்பெண். சமமாக முடிந்தால் மூன்று. தோற்றாலும் ஏழு பாயிண்டு வித்தியாசத்துக்குள் தோற்றால் ஒரு மதிப்பெண். தலைவாஸ் அந்த வருஷம் 22 ஆட்டங்கள் ஆடி நாலில் ஜயித்து, மூன்றைச் சமமாக்கி, பதினைந்தில் தோற்று, 37 மதிப்பெண் பெற்றிருந்தது. பையன்கள் அதைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நாலு ஜயத்துக்கு இருபது, மூன்று சமத்துக்கு ஒன்பது, ஆக இருபத்தொன்பது. மிச்சம் எட்டு எங்கிருந்து வந்தது? தோல்வியிலிருந்து வந்தது! பதினைந்து தோல்விகளில் எட்டு, ஏழு பாயிண்டுக்குள் நின்று போராடித் தோற்றவை. கீழே நமது கோஷ்டியின் கணக்கு: ஆட்டம் 10, ஜயம் 0, சமம் 0, ஏழுக்குள் தோற்றது 4, ஆகவே மதிப்பெண் 4. அதற்குக் கீழே மூலைப் பையனுடைய கையெழுத்தில், 'கடைசி ஐந்தில் மட்டும் 3' என்று எழுதியிருந்தது.

இந்தக் கடைசி வரியை நாம் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடவே போய் வந்திருக்கிறோம். தோற்றோம் என்று மட்டும் நமக்குத் தெரிந்ததே தவிர, எவ்வளவில் தோற்றோம் என்பதை நாம் கவனிக்கவேயில்லை. தோல்வியெல்லாம் ஒரே தோல்வி என்று எண்ணியது நாம்தான். உள்ளே நின்று தோற்றவர்கள் அப்படி எண்ணவில்லை. தலைமை ஆசிரியரிடம் திரும்பிப் போய், இன்னும் ஓர் ஆட்டம் பாக்கியிருக்கிறது என்று சொன்னோம்.

பதினோராவது ஆட்டம் நமது ஊரிலேயே, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. செய்யாற்றிலிருந்து ஒரு கோஷ்டி வந்திருந்தது. முதல் பாதி முடிந்தபோது நாம் எட்டு பாயிண்டு பின்னால். பையன்கள் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மூச்சு வாங்கி நின்றார்கள். அப்போது கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். மூலைப் பையனுடைய தகப்பனார்! தீபாவளிச் சமயத்தில் பகல் வேளையில் தறியை விட்டு ஒரு நெசவாளி எழுந்து வருவதென்றால் அது சாமானிய விஷயம் அல்ல.

"வாத்தியாரய்யா, எனக்கு ஆட்டம் தெரியாது" என்று ஆரம்பித்தார். "ஆனா இடது பக்கம் அடிக்கடி இழை விட்டுப் போவுது. இவன் பக்கத்துலே நிக்கிற பையன் கையைப் பிடிச்சிருக்கான் பாருங்க, அவன் விட்டுட்ட பிறகுதான் இவன் பாயறான். ரெண்டுக்கும் நடுவுலே ஒரு இழை இடம். அந்தச் செய்யாத்துப் பையன் ஒவ்வொரு தடவையும் அதுலேதான் நுழைஞ்சு போறான்."

நாம் ஐந்து மாதம் பார்த்தோம். அந்த இடைவெளி நமது கண்ணில் படவில்லை. அவர் இருபது நிமிஷம் பார்த்தார். ஆயிரக்கணக்கான பட்டிழைகளில் அறுந்த ஒன்றைத் தேடி எடுக்கும் கண் அல்லவா? பையன்களைக் கூப்பிட்டு, அவரையே சொல்லச் சொன்னோம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, தமது இரண்டு கைகளையும் கோத்துக் காட்டினார். "இவன் பாய்ஞ்ச பிறகுதான் நீ விடணும்" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தோளில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் துண்டால் தட்டிவிட்டார்.

இரண்டாம் பாதியில் செய்யாற்றுப் பையன் இடது மூலையில் நாலு தடவை நுழைந்தான். மூன்று தடவை திரும்பவில்லை. எட்டு, ஐந்தாகிற்று, ஐந்து, இரண்டாகிற்று. கடைசி நிமிஷத்தில் நமது பையன் ஒருவன் பாடப் போய், இரண்டு பேரைத் தொட முயன்று, ஒருவரையும் தொடாமல் அகப்பட்டுக்கொண்டான். மூன்று பாயிண்டில் தோற்றோம்.

பையன்கள் மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். பத்து தோல்விக்கு அழாதவர்கள் பதினோராவதற்கு அழுதார்கள். முதல் முதலாக, ஜயித்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? பெரியவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மூணு தானே?" என்று நம்மிடம் கேட்டார். ஆம் என்றோம். "அப்ப இதுக்கும் ஒரு மார்க்கு உண்டாமே? பையன் சொன்னான்" என்றார். பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறிக்குத் திரும்பிவிட்டார். மகன் கூடப் போகவில்லை; கோஷ்டியோடு இருந்துவிட்டு வரட்டும் என்று உத்தரவாகியிருந்தது.

அடுத்த வருஷம் கொள்ளை நோய் வந்தது. பள்ளிக்கூடமும் இல்லை, மைதானமும் இல்லை. தறிகள்கூடப் பல நாட்கள் ஓசையற்றுக் கிடந்தன. பையன்கள் அவரவர் வழியில் போனார்கள். ஒருவன் பட்டணத்தில் மோட்டார்க் கம்பெனியில் இருக்கிறான். இருவர் கல்லூரி முடித்துவிட்டார்கள். மூலைப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தகப்பனாருக்குப் பக்கத்தில் இன்னொரு தறி போட்டுக்கொண்டான். பிறகு வந்த தேகப் பயிற்சி ஆசிரியர் கெட்டிக்காரர். அவருடைய கோஷ்டிகள் ஜயிக்கின்றன. பள்ளிக்கூடத்து அலமாரியில் இப்போது கோப்பைகள் இருக்கின்றன. நமது வருஷத்துக்கு அங்கே அடையாளம் ஒன்றுமில்லை; இருக்க நியாயமும் இல்லை.

2022-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி இரவு நமது டெலிபோன் மணி அடித்தது. கடைசி இடத்துக்கென்றே பிறந்ததாகப் பேரெடுத்த தமிழ் தலைவாஸ், முதல் முதலாக அரை இறுதிக்கு வந்திருந்த நாள் அது. இரண்டேகால் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறிய பிறகும், எஞ்சியிருந்த இளைஞர்கள் கோஷ்டியை அவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தார்கள். பம்பாயில் புனேரி பல்தானுடன் ஆட்டம். 37-39 என்று தோற்றுவிட்டார்கள்.

"சார், பார்த்தீங்களா?" என்றது மூலைப் பையனுடைய குரல். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"பார்த்தேன் அப்பா. இரண்டே பாயிண்டு" என்றோம்.

"ஆமா சார்" என்றான். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "நம்மளைவிட ஒரு பாயிண்டு கிட்டத்துலே போயிட்டாங்க சார்!"